மான்கள் தலைநிமிர்ந்து கேட்ட பாட்டு

மூங்கில் காட்டுக்கு நடுவே நாவல்குட்டை என்று ஒரு குட்டை. கோடை வந்துவிட்டால் காடெல்லாம் காய்ந்து சருகாகிவிடும். குட்டைக்கரையில் மட்டும் பச்சைப் புல் மிஞ்சியிருக்கும். அதனால் பொழுது சாய்ந்ததும் புள்ளிமான்கள் எல்லாம் ராச்சாப்பாட்டுக்கு அங்கேதான் வரும்.

மான்கள் சாப்பிடுவதில் ஒரு சங்கடம் உண்டு. புல் கீழே இருக்கிறது. தலை குனிந்தால்தான் வாய்க்கு எட்டும். குனிந்துவிட்டாலோ சுற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரியாது. இந்த விஷயம் சிறுத்தைக்கும் நன்றாகத் தெரியும். ஆகவே மானுக்கு ஒவ்வொரு வாய்ப் புல்லும் பயத்தோடுதான் உள்ளே இறங்கும்.

அந்தப் பயத்துக்குக் குட்டைக்கரையில் ஒரு மருந்து இருந்தது. கரையோரத்து நாவல் மரத்தின் வேருக்கடியில் சில்லு என்று ஒரு சில்வண்டு குடியிருந்தது. கோடைக்குப் பயந்து மற்ற சில்வண்டுகள் எல்லாம் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. சில்லு மட்டும் அந்த ஈரமண்ணை விட்டு நகரவில்லை. மாலை ஆனதும் 'கிர்ர்' என்று ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கும்.

சில்வண்டுக்குக் காது தலையில் இல்லை, முன்னங்காலின் முட்டிக்குக் கீழே இருக்கிறது. நம்பாதவர்கள் விசாரித்துக்கொள்ளலாம். தரையில் யார் காலை வைத்தாலும், எத்தனை மெதுவாக வைத்தாலும், அந்த அதிர்வு மண் வழியாக வந்து சில்லுவின் காலைத் தொடும். உடனே அதன் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றதும் மான்கள் தலையைத் தூக்கிப் பார்க்கும். வந்தது உடும்பாகவோ முள்ளம்பன்றியாகவோ இருந்தால் அது தன் வழியே போய்விடும். சில்லு மறுபடி ஆரம்பிக்கும், மான்கள் மறுபடி குனியும். இப்படிச் செய்யலாம் என்று யாரும் கூட்டம் போட்டுப் பேசி வைக்கவில்லை. அது தானாகவே பழகிப்போன ஏற்பாடு.

அந்த நாவல் மரத்தின் மேல் ஒரு சோலைபாடிப் பறவை இருந்தது. கறுப்பு முதுகு, செம்பழுப்பு வயிறு, நீளமான வால். பெயர் கானவேந்தன். பெயரை வைத்துக்கொண்டது அதுவேதான். இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காட்டில் அப்படி ஒரு குரல் வேறு யாருக்கும் கிடையாது. அது பாட ஆரம்பித்தால் மூங்கில் இலைகூடக் கொஞ்சம் யோசித்துத்தான் அசையும்.

கானவேந்தன் ஒரு சின்னக் கச்சேரிக் குழு வைத்திருந்தது. பாட்டுக்குத் தான். தாளத்துக்குக் கொண்டையன் என்ற மரங்கொத்தி. சுருதிக்குச் சில்லு. கொண்டையன் நல்ல தாளக்காரன், அதிகம் பேசாது. சில்லு இன்னும் குறைவாகப் பேசும். அதற்குக் காரணம் இருக்கிறது. சோலைபாடிகள் சில்வண்டைத் தின்கிற சாதி. சக கலைஞர் ஆயிற்றே என்று கானவேந்தன் இதை மட்டும் விட்டுவைத்திருந்தது. தன்னைத் தின்னாமல் விட்டுவைத்திருப்பவரோடு யார்தான் வாதாடுவார்கள்?

மான்கள் சாப்பிடும் நேரத்தில் இந்த மூன்றும் வாசிப்பது வழக்கம். மான்களுக்கு அது பிடித்திருந்தது. கேட்டுக்கொண்டே மேயும், மென்றுகொண்டே பேசும், பேசிக்கொண்டே அடுத்த புல்லுக்கு நகரும். சாப்பாட்டுக்குப் பின்னால் பாட்டு ஓடுகிற விதம் அப்படித்தான். ஆனால் கானவேந்தனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அது உயிரைக் கொடுத்து ஒரு பிடி பிடிக்கும். கீழே பார்த்தால் அத்தனை மான்களும் முதுகைக் காட்டிக்கொண்டு மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு தலைகூட நிமிராது.

ஒரு நாள் நடந்தது இது. கானவேந்தன் மிக அருமையான ஓர் இடத்தில் குரலை நிறுத்தி நெளித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு கீரி ஓடியது. சில்லு சட்டென்று சுருதியை நிறுத்திவிட்டது. அவ்வளவுதான், எல்லா மான்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. கீரி போனதும் சில்லு தொடங்கியது, மான்கள் குனிந்தன. நடுவில் பாட்டு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கவலைப்படவில்லை.

கானவேந்தனுக்கு முகம் சிறுத்துப்போயிற்று. தான் பாடும்போது நிமிராத தலைகள், இந்தப் பூச்சி பாடாமல் இருக்கும்போது நிமிர்கின்றனவே என்று அது இரவெல்லாம் பொருமியது. கலைஞர்களுக்கு வருகிற வியாதிகளிலேயே பொல்லாதது இது. தொண்டையில் வரும் நோய்க்காவது மிளகு இருக்கிறது.

சில நாட்கள் கழித்துப் பொட்டழகி என்ற பெண்மான் நாவல் மரத்தடிக்கு வந்தது. அதன் குட்டி பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. மான்கள் குட்டி போட்டதும் அதைப் புதருக்குள் ஒளித்து வைத்துத்தான் பால் கொடுக்கும். குட்டியின் கால் உறுதிப்பட்ட பிறகு, நிலா நிறைந்த ஒரு நாளில், முதன்முதலாக வெட்டவெளிக்குக் கூட்டி வந்து புல் கொடுக்கும். கூட்டம் முழுவதும் சுற்றி நின்று சாப்பிடும். முதல் புல் விருந்து என்று அதற்குப் பெயர்.

"தம்பி, வர்ற பௌர்ணமிக்கு என் பிள்ளைக்கு முதல் புல் குடுக்கறோம். நீங்க மூணு பேரும் வந்து வாசிக்கணும்" என்றது பொட்டழகி.

கானவேந்தன் சிறகைச் சரிசெய்துகொண்டு, என்ன மாதிரி பாட்டு வேண்டும் என்று விசாரித்தது.

"பெருசா ஒண்ணும் வேணாம் தம்பி. கேட்டும் கேக்காத மாதிரி இருந்தா போதும். போன வருஷம் என் பிள்ளைக்கு முதல் புல் குடுத்தப்போ காத்து பலமா அடிச்சுது. ஒரு சத்தமும் காதுல விழல. அவன் ரெண்டு வாய்தான் தின்னான், சிறுத்தை வந்து தூக்கிட்டுப் போயிருச்சு. இவனாவது பயமில்லாம வயிறு நிறையத் திங்கணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடறேன்."

சொல்லும்போதே அதன் காது இரண்டும் பின்னால் திரும்பித் திரும்பி வந்தன. அந்த ஒரு குட்டிக்காக அது எத்தனை நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது என்பது அதன் விலாவைப் பார்த்தாலே தெரிந்தது.

கானவேந்தன் எல்லாவற்றையும் கேட்டது. கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதன் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது ஒரே ஒரு வார்த்தை. கேட்டும் கேட்காத மாதிரி. பொட்டழகி போன பிறகு அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அது மருகியது. மூன்று காடு தாண்டிக் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு கேட்டும் கேட்காத மாதிரி பாட வேண்டுமாம்.

மறுநாள் எந்தப் பாட்டை வைப்பது என்று மூன்றும் கூடிப் பேசின. கொண்டையன் யோசனை சொன்னது. மான் மெல்லுகிற வேகத்துக்குத் தாளம் வைக்கலாம், ஒவ்வோர் அடிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடலாம், சாப்பிடுகிறவர்களுக்கு மூச்சு விட்டுப் பேச வசதியாக இருக்கும் என்றது. சில்லு, வழக்கமாக வாசிப்பதையே வாசிக்கலாமே என்று மெதுவாகச் சொன்னது. கானவேந்தன் இரண்டையும் தள்ளிவிட்டது.

அதனிடம் ஒரு பாட்டு இருந்தது. அதுவே கட்டிய பாட்டு. அடியில் மெல்லத் தொடங்கி, படிப்படியாக மேலே ஏறி, கடைசியில் உச்சியில் போய் நின்று நீண்டுகொண்டே இருக்கும். நல்ல சபை கிடைக்கட்டும் என்று அதை இதுவரை எங்கேயும் பாடாமல் பொத்தி வைத்திருந்தது. இந்த விருந்துக்குக் கூட்டம் முழுவதும் வருகிறது, நிலா வேறு இருக்கிறது, இதைவிட நல்ல நாள் அமையாது என்று முடிவு கட்டிவிட்டது.

கொண்டையன் தலையைச் சொறிந்துகொண்டது. "அண்ணே, அது எழுந்து உக்காந்து கேக்க வேண்டிய பாட்டு. சாப்பாட்டுக்கு அது சரிப்படுமா?"

"கேக்கட்டுமே. ஒரு நாளாவது தலையைத் தூக்கிக் கேக்கட்டும்."

அதன் குரலில் இருந்த ஏக்கத்தைக் கேட்டதும் கொண்டையனுக்கு மேலே பேச மனம் வரவில்லை.

பாட்டு முடிவாகிவிட்டது. இனிச் சுருதி. அந்தப் பாட்டின் உச்சியில் சுருதி அறுந்தால் எல்லாம் பாழ். கானவேந்தன் சில்லுவைக் கூப்பிட்டு, நீ ஏன் நடு நடுவே நிறுத்துகிறாய் என்று அதட்டியது.

சில்லு கூனிக் குறுகிக்கொண்டு சொன்னது: "நான் வேணும்னு நிறுத்தறதில்லீங்க. யாராவது நடந்தா காலு கூசுது. தானா நின்னுபோகுது."

"நடந்தா நடக்கட்டும். கச்சேரின்னா நாலு பேர் வரத்தான் செய்வாங்க. அதுக்காக நிறுத்துவியா?"

தான் நிறுத்தும்போதுதான் மான்கள் நிமிர்ந்து பார்க்கின்றன என்று சில்லுவுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் இவர் என்ன நினைத்துக்கொள்வாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டது. அந்தப் பயத்தை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அது வாயைத் திறந்திருக்கலாம்.

கானவேந்தன் யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தது. தரையில் இருப்பதால்தானே கால் கூசுகிறது? மேலே வந்துவிட்டால்?

"இனிமே நீ மண்ணுல உக்கார வேணாம். கலைஞர்னா மேடையில இருக்கணும். வா, என் பக்கத்துல கிளையில உக்காரு" என்றது.

சில்லுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிறந்ததிலிருந்து வேருக்கடியில் கிடந்த பிராணி அது. சோலைபாடியின் பக்கத்தில், சமமாக, கிளையில் உட்கார்வது என்றால் சும்மாவா? அதுவரை அந்தப் பறவையைப் பார்க்கும்போதெல்லாம் அலகைத்தான் பார்த்திருந்தது. இப்போது முதல் தடவையாக முகத்தைப் பார்த்தது.

அன்று மாலையே கிளையில் வைத்து ஒத்திகை பார்த்தன. பாட்டு நடக்கும்போது மரத்தடியில் ஒரு காட்டுப்பன்றி உறுமிக்கொண்டு போயிற்று. சுருதி நிற்கவே இல்லை. கிளையில் கொண்டையன் போடுகிற தாளம் மட்டும்தான் சில்லுவின் காலுக்கு வந்தது. மண்ணில் நடப்பது ஒன்றும் வரவில்லை. கானவேந்தன் ஆனந்தமாக வாலை விசிறியது. சில்லுவுக்கும் பெருமை பிடிபடவில்லை. பன்றி போனதே தெரியவில்லை என்று அதுவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

கொண்டையனுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "அண்ணே, அது நிறுத்தறதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்ல?" என்று கேட்டது.

"இருக்கு. பயிற்சி பத்தல. இப்போ சரியாயிருச்சு" என்றது கானவேந்தன். கொண்டையன் அதற்கு மேல் கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

பௌர்ணமி வந்தது. பொழுது சாய்ந்து, மூங்கிலுக்குப் பின்னால் நிலா கிளம்பியது. மான் கூட்டம் குட்டைக்கரையில் வட்டமாக வந்து நின்றது. நடுவில் பொட்டழகி. அதன் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு குட்டி. நிலா வெளிச்சத்தில் அதன் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. வெட்டவெளியை அது முதன்முதலாகப் பார்க்கிறது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் பார்த்தது.

சில்லு கிளையிலிருந்து தொடங்கியது. அந்தச் சத்தம் வந்ததும் மான்களின் தோள் எல்லாம் தளர்ந்தன. பொட்டழகி ஓர் இளம் புல்லைக் கடித்து எடுத்துக் குட்டியின் வாயில் வைத்தது. குட்டி அதைச் சுவைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, பிறகு விழுங்கியது. கூட்டம் முழுவதும் சந்தோஷமாக மூக்கை உறிஞ்சியது. குட்டி இரண்டாவது வாய் தின்றது. மூன்றாவதும் தின்றது. பொட்டழகியின் கண்ணில் நீர் நின்றது. போன வருஷத்துக் குட்டி மூன்றாவது வாயைப் பார்க்கவில்லை.

சுருதி ஒரு கணம்கூட நிற்கவில்லை. ஓர் ஆமை கரையேறியது, நிற்கவில்லை. இரண்டு காட்டுக்கோழிகள் குறுக்கே ஓடின, நிற்கவில்லை. காடு இத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை என்று பொட்டழகி பக்கத்திலிருந்த மானிடம் சொன்னது. வெகு நாளைக்குப் பிறகு அது வயிறார மேயத் தொடங்கியது.

அப்போது கானவேந்தன் தன் பாட்டை எடுத்தது.

முதலில் மெதுவாகத்தான் வந்தது. மான்கள் மேய்ந்துகொண்டே இருந்தன. பாட்டு ஒரு படி ஏறியது. ஒரு மான் மெல்லுவதை நிறுத்தியது. இன்னொரு படி ஏறியது. கொம்புள்ள ஆண்மான் ஒன்று தலையைத் தூக்கியது. பக்கத்திலிருந்ததும் தூக்கியது. இன்னும் ஏறியது. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்து, கடைசியில் பொட்டழகியும் நிமிர்ந்தது. எல்லா முகங்களும் மரத்தைப் பார்த்து மேலே திரும்பியிருந்தன. எல்லாக் காதுகளும் அதன் பக்கம் குவிந்திருந்தன. குட்டிகூட வாயில் புல்லோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

இத்தனை நாளாக ஏங்கியது கிடைத்துவிட்டது. கானவேந்தன் உச்சியில் போய் நின்றது. குரலை நீட்டியது.

அங்கிருந்து அதற்கு எல்லாம் தெரிந்தது. கூட்டத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓரத்தில், கோரைப்புல் அசைவதும் தெரிந்தது. காற்று இல்லை. ஆனாலும் கோரை அசைந்து அசைந்து விலகியது. யாரோ மெதுவாக, சத்தமில்லாமல், கச்சேரியைக் கெடுக்காமல் வருகிறார்கள். இன்னும் ஒரு ரசிகர் வருகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவருக்கும் கேட்கட்டும் என்று, கானவேந்தன் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தியது.

சிறுத்தை பாய்ந்தது குட்டியின் மேல்தான். பாயும்போதுதான் பொட்டழகி பார்த்தது. ஓட நேரமில்லை, குட்டியைத் தள்ளவும் நேரமில்லை. அது நடுவில் வந்து நின்றது. அது ஒன்றுக்குத்தான் நேரம் இருந்தது.

கூட்டம் சிதறியது. குளம்புச் சத்தம் மூங்கில் காட்டுக்குள் போய்த் தேய்ந்தது. ஆண்மான் ஒன்று குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டே ஓடியது. சிறுத்தை பொட்டழகியைக் கவ்வி இழுத்துக்கொண்டு கோரைக்குள் போயிற்று. அத்தனைக்கும் கிளையில் சில்லு விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. நடந்தது என்ன என்று அதற்குத் தெரியாது. கொண்டையன்தான் ஓடிப்போய் அதை நிறுத்தச் சொன்னது.

அதன் பிறகு மூன்றும் கிளையில் உட்கார்ந்திருந்தன. கீழே கரை காலியாகக் கிடந்தது.

சில்லு, "நான் வேருல இருந்திருந்தா காலு கூசியிருக்கும்" என்றது. திரும்பத் திரும்ப அதையே சொன்னது. கொண்டையன் அலகை மரத்தில் வைத்துக்கொண்டிருந்தது. கானவேந்தன் கோரைப்புல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தேனே, பார்த்தேனே என்று அதற்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் குரலுக்குச் சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, ஆனால் அது நிற்பதாகவும் இல்லை.

மறுநாள் மான்கள் திட்ட வரும் என்று எதிர்பார்த்து மூன்றும் காத்திருந்தன. யாரும் திட்டவில்லை. மான்களுக்கு உண்மை தெரியாது. சில்வண்டு நிறுத்தவே இல்லையே, அப்படியென்றால் அந்தச் சிறுத்தை மண்ணில் கால் படாமல் வந்த மாயச் சிறுத்தை என்று பேசிக்கொண்டன. போதாததற்குப் பாட்டைப் பாராட்டவும் செய்தன. கண்ணில் நீரோடு, ஆனாலும் அப்படி ஒரு பாட்டை வாழ்நாளில் கேட்டதில்லை என்றது கொம்புள்ள ஆண்மான். கானவேந்தன் எத்தனையோ நாள் ஆசைப்பட்ட வார்த்தை அது. அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்பதற்குப் பதில் சிறுத்தையின் வாய்க்குள் போயிருக்கலாம் என்று அதற்குத் தோன்றியது.

சில்லு தானாகவே கிளையைவிட்டு இறங்கி வேருக்கடிக்குப் போய்விட்டது. கானவேந்தன் தடுக்கவில்லை. ராச்சாப்பாடு மறுபடி நடந்தது. சில்லு மட்டும் வாசித்தது. கொண்டையன் எப்போதாவது இரண்டு தட்டு தட்டும். கானவேந்தன் இலை மறைவில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருந்தது. தொண்டைக்கு என்ன என்று கேட்டவர்களிடம் சரியில்லை என்று சொல்லிவைத்தது.

குட்டி தாயில்லாமல் வளர்ந்தது. கூட்டத்திலிருந்த பால்மான்கள் ஆளுக்குக் கொஞ்சம் பால் கொடுத்தன. ஆனாலும் விலா தெரிந்தது. எந்த மான் பக்கத்தில் படுத்தாலும் அதன் முகத்தை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப்போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே இருந்து கானவேந்தன் தினமும் இதைப் பார்த்தது. பார்க்காமல் வேறு மரத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

ஒரு நாள் மாலை, கூட்டம் வருவதற்கு முன்னால், குட்டி மட்டும் தனியாக நாவல் மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது.

"மாமா, அன்னைக்கு ஒரு பாட்டுப் பாடினீங்களே. அதை இன்னொரு தடவை பாடறீங்களா?"

கானவேந்தன் இலை மறைவிலிருந்து எட்டிப் பார்த்தது.

"அம்மா அதைத் தலையைத் தூக்கிக் கேட்டாங்க மாமா. நான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமா அவங்க எதையும் பார்த்து நான் பார்த்ததே இல்லை. அந்தப் பாட்டைக் கேட்டா அவங்க முகம் ஞாபகம் வரும். இப்போ கொஞ்சம் கொஞ்சமா மறந்துபோகுது."

கானவேந்தன் அலகைத் திறந்தது. ஒரு நொடி பாடிவிடலாம் என்றுதான் நினைத்தது. பாடினால் குட்டி மகிழும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் குட்டி மரத்தடியில் முன்போலவே அண்ணாந்து நின்றுகொண்டிருந்தது, அதன் முதுகுக்குப் பின்னால் கோரைப்புல் இருந்தது. பாட்டு வரவில்லை.

அது கிளை கிளையாக இறங்கிக் குட்டியின் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தது. நடந்ததை எல்லாம் சொன்னது. சில்லு எதற்காக நிறுத்தும் என்பதையும், அதைத் தான் ஏன் மேலே ஏற்றியது என்பதையும், கோரை அசைந்ததைப் பார்த்ததையும், பார்த்து என்ன நினைத்தது என்பதையும் ஒன்று விடாமல் சொன்னது. அம்மா அப்படி ஒரு பாட்டைப் பாடச் சொல்லவில்லை, நீ பயமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று மட்டும்தான் கேட்டாள் என்பதையும் சொன்னது.

குட்டி கேட்டுக்கொண்டே நின்றது. எல்லாம் புரிந்ததா என்று தெரியவில்லை. கடைசியில் கேட்டது:

"அப்போ, அந்தப் பாட்டு நல்லா இல்லாம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்களா?"

"இருந்திருப்பாங்க" என்றது கானவேந்தன்.

குட்டி தலை குனிந்துகொண்டது. பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து, மரத்துக்கு எதிர்க்கரையில் போய் நின்று மேயத் தொடங்கியது. அன்றிலிருந்து அது அந்த நாவல் மரத்தடிக்கு வரவில்லை. கானவேந்தன் அந்தப் பாட்டை மறக்கவும் இல்லை, பாடவும் இல்லை.

பிறர் நிம்மதிக்காகக் கூப்பிடப்பட்டவன் அங்கே தன் பெருமையைத் தேடினால், அவனை நம்பித் தலை குனிந்தவர்கள்தான் அதற்குப் பலியாவார்கள்.